எம்பிஐ நிரலில் நாமே கட்டிய டைப்பை எப்போது, எப்படி விடுவிப்பது?

இருபது டைம் ஸ்டெப் ஓட்டிப் பார்த்தால் நிரல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. விடையும் சரி, வேகமும் சரி. அதையே க்ளஸ்டரில் பெரிய வேலையாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் மெமரி தீர்ந்து பாதியில் செத்துக் கிடக்கிறது. மேலாக் போட்ட இடத்துக்கெல்லாம் ஃப்ரீ இருக்கிறது. எந்த அரேயும் வளரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. எம்பிஐ (பல ப்ராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலை) நிரல் ஒன்றில் இப்படி நடந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது, எல்லை மதிப்புகளைப் பக்கத்து ப்ராசஸுக்கு அனுப்பும் ஃபங்ஷனைத்தான். அதற்குள் யாராவது புது டேட்டா டைப் (அனுப்ப வேண்டிய தரவு மெமரியில் எப்படிக் கிடக்கிறது என்று எம்பிஐக்குச் சொல்லும் விவரம்) ஒன்றைக் கட்டி, அனுப்பிவிட்டு, விடுவிக்காமல் வெளியே வந்திருப்பார்கள்.

எம்பிஐ_சென்ட், எம்பிஐ_ரிசீவ் எல்லாம் பழகி, சொந்தமாக ஒரு டைப் கட்டும் கட்டத்துக்கு இப்போதுதான் வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் சி மொழியில் இருக்கும். ஃபோர்ட்ரான், சி பிளஸ் பிளஸ், பைத்தான் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், விடுவிப்பது எதை?

எம்பிஐ_இன்ட், எம்பிஐ_டபிள் போன்றவை நூலகத்தோடு கூடவே வருபவை. அவற்றைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. எம்பிஐ_டைப்_வெக்டர், எம்பிஐ_டைப்_இன்டெக்ஸ்டு, எம்பிஐ_டைப்_கிரியேட்_ஸ்ட்ரக்ட் மாதிரி ஏதாவது ஒன்றை அழைத்தால்தான் எம்பிஐ நூலகம் தன் மெமரிக்குள் புதிதாக ஒரு பொருளை உருவாக்குகிறது. உங்கள் நிரலில் இருக்கும் மாறியில் அந்தப் பொருள் இல்லை, அதற்கான ஹேண்டில் மட்டும்தான் இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. டோக்கனைத் தொலைத்துவிட்டால் செருப்பு அங்கேயேதான் கிடக்கும். டோக்கனை ஜெராக்ஸ் எடுத்தால் செருப்பு இரண்டு ஜோடி ஆகிவிடாது.

இந்த இரண்டிலேயே பெரும்பாலான பிழைகள் அடங்கிவிடுகின்றன. ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்ளூர் மாறி மறைந்துவிடும், ஆனால் அது காட்டிய டைப் மறையாது. ஒரு ஹேண்டிலை இன்னொரு மாறியில் போட்டுக்கொண்டால் டைப் இரண்டாகாது.

ஒரு டைப் எவ்வளவு இடத்தை அடைக்கும்? சின்ன வெக்டர் டைப் என்றால் அதிகமில்லை. இன்டெக்ஸ்டு டைப்பில்தான் சிக்கல். ஒழுங்கற்ற வலையில் சிதறிக் கிடக்கும் 10 லட்சம் புள்ளிகளைப் பொறுக்கி அனுப்ப ஒரு இன்டெக்ஸ்டு டைப் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளங்களுக்கு ஒரு முழு எண் அரே, இடங்களுக்கு ஒரு முழு எண் அரே, எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால் இரண்டும் சேர்ந்து 8 மெகாபைட். ‘இந்த டைப்பை எப்படிக் கட்டினார்கள்?’ என்று எம்பிஐ_டைப்_கெட்_கன்டென்ட்ஸ் மூலம் யாராவது பின்னால் கேட்டால், கொடுத்த மதிப்புகளை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அதனால் நூலகம் அந்த அரேக்களின் நகலைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இதை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் புதிதாகக் கட்டி விடுவிக்காமல் 10,000 ஸ்டெப் ஓட்டினால் 80 ஜிகாபைட், அதுவும் ஒரே ப்ராசஸில். ஒரு நோடில் பல ப்ராசஸ்கள் ஓடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கமிட் செய்யும்போது, அதாவது டைப்பை அனுப்பப் பயன்படுத்தத் தயாராக்கும்போது, நூலகம் உள்ளுக்குள் தயாரித்துக்கொள்ளும் வடிவம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

எளிய டைப், ஒரே ஃப்ரீ

1000 வரிசை, 1000 நெடுவரிசை கொண்ட டபிள் அணி ஒன்று. சி மொழியில் வரிசைகள் மெமரியில் தொடர்ச்சியாக இருக்கும். நெடுவரிசையின் எண்கள் 1000 இடம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு நெடுவரிசையைப் பக்கத்து ப்ராசஸுக்கு அனுப்ப:

```
எம்பிஐ_டேட்டாடைப் நெடுவரிசை;
எம்பிஐ_டைப்_வெக்டர்(1000, 1, 1000, எம்பிஐ_டபிள், &நெடுவரிசை);
எம்பிஐ_டைப்_கமிட்(&நெடுவரிசை);
/* அனுப்புதல், பெறுதல் */
எம்பிஐ_டைப்_ஃப்ரீ(&நெடுவரிசை);
```

ஃப்ரீக்கு ஹேண்டிலை அல்ல, ஹேண்டிலின் முகவரியைக் கொடுக்கிறோம். அழைப்பு முடிந்ததும் அந்த மாறியில் எம்பிஐ_டேட்டாடைப்_நல் என்ற மதிப்பை நூலகமே எழுதிவிடும், முகவரி கேட்பது அதற்காகத்தான். ஃபோர்ட்ரானில் முகவரிக் குறி கிடையாது. டைப்பையும் ஐஎரர் என்ற பிழை எண்ணையும் கொடுத்தால் போதும். பழைய எம்பிஐஎஃப்.எச் கோப்பைச் சேர்த்து எழுதிய நிரல் என்றால் ஐஎரரை விட்டுவிடாதீர்கள். கம்பைலர் எதுவும் சொல்லாது, ஓடும்போதுதான் வெடிக்கும். அந்தக் கோப்பை 2023-இல் வந்த எம்பிஐ 4.1 கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிதாக எழுதுபவர்கள் எம்பிஐ_எஃப்08 மாட்யூலுக்குப் போய்விடலாம்.

எம்பிஐ_டைப்_ஃப்ரீ ஒரு உள்ளூர் அழைப்பு. ஒரு ப்ராசஸ் இப்போது விடுவிக்கலாம், இன்னொன்று அரை மணி நேரம் கழித்து விடுவிக்கலாம். எம்பிஐ_காம்_ஃப்ரீயும் எம்பிஐ_வின்_ஃப்ரீயும் அப்படியல்ல, குழுவில் உள்ள எல்லோரும் சேர்ந்து அழைக்க வேண்டியவை. அந்தப் பழக்கத்தில் சிலர் டைப் ஃப்ரீக்கு முன்னாலும் ஒரு எம்பிஐ_பேரியர் போட்டு வைக்கிறார்கள். தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

இடைநிலை டைப்கள்: லீக்கின் சொந்த ஊர்

துகள்களை அனுப்பும் நிரலில் இப்படி ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கும்: இடத்துக்கு மூன்று டபிள், நிறைக்கு ஒரு டபிள், அடையாள எண்ணுக்கு ஒரு இன்ட், வகைக்கு ஒரு கேரக்டர். உள்ளடக்கம் 24, 8, 4, 1 என்று 37 பைட். கம்பைலர் பொதுவாக இதற்கு 40 பைட் ஒதுக்கும், கடைசி மூன்றும் வெற்றிடம். துகள்களை அரேயாக அனுப்பும்போது ஒன்றிலிருந்து அடுத்ததற்கான தூரம் எம்பிஐக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அதற்காக முதலில் ஸ்ட்ரக்ட் டைப்பைக் கட்டி, அதை ரீசைஸ் செய்து (அந்தத் தூரத்தை நாமே குறித்துக் கொடுத்து), அப்புறம் கமிட் செய்வதுதான் நம்பகமான வழி:

```
எம்பிஐ_டேட்டாடைப் கச்சா, துகள்_டைப்;
எம்பிஐ_டைப்_கிரியேட்_ஸ்ட்ரக்ட்(4, நீளங்கள், இடங்கள், வகைகள், &கச்சா);
எம்பிஐ_டைப்_கிரியேட்_ரீசைஸ்டு(கச்சா, 0, சைஸ்ஆஃப்(துகள்), &துகள்_டைப்);
எம்பிஐ_டைப்_ஃப்ரீ(&கச்சா);
எம்பிஐ_டைப்_கமிட்(&துகள்_டைப்);
```

இங்கே உருவானவை இரண்டு டைப்கள். கச்சாவை வைத்து நேரடியாக எதையும் அனுப்பப்போவதில்லை, அதனால் அதைக் கமிட் செய்யத் தேவையில்லை. ஆனால் விடுவிக்கத்தான் வேண்டும். புதியவர்கள் பலர் ‘கமிட்டுக்கு ஒரு ஃப்ரீ’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அது தப்பான கணக்கு. கட்டும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ரீ. கமிட் செய்தோமா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கச்சாவை, அதிலிருந்து கட்டிய துகள்_டைப் இன்னும் கமிட்கூட ஆகாத நிலையில் விடுவித்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். ஒரு டைப்பை விடுவிப்பது அதை வைத்துக் கட்டிய மற்ற டைப்களைப் பாதிக்காது என்று எம்பிஐ தரநிலை தெளிவாகச் சொல்கிறது. கட்டும்போது கொடுத்த டைப்பின் மதிப்பே உள்ளே போய்விட்டதாகத்தான் கணக்கு. எனவே இடைநிலை டைப்பை அடுத்த வரியிலேயே விடுவிப்பதுதான் நல்லது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்தப் பிறகு வராது.

இதே இடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தனி மாறி எதற்கு என்று ஒரே பெயரையே இரண்டு பக்கமும் போட்டுவிடுவது:

```
எம்பிஐ_டைப்_கிரியேட்_ரீசைஸ்டு(டை, 0, சைஸ்ஆஃப்(துகள்), &டை);
```

கம்பைல் ஆகும், ஓடும், விடையும் சரியாக வரும். ஆனால் பழைய ஹேண்டிலின் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. இனி முதல் டைப்பை விடுவிக்க வழியே இல்லை. கடைசியில் ஒரு ஃப்ரீ இருப்பதால் கோட் ரிவ்யூவில் பார்ப்பவர் கண்ணுக்கும் குறை தெரியாது. நான் பார்த்த டைப் லீக்குகளில் அடிக்கடி வருவது இந்த ஒற்றை வரிதான்.

பைத்தானில் எம்பிஐ4பை பயன்படுத்துபவர்களுக்கும் இதே பொறி வேறு உருவத்தில் காத்திருக்கிறது. கிரியேட்_ஸ்ட்ரக்ட், கிரியேட்_ரீசைஸ்டு, கமிட் மூன்றையும் புள்ளி வைத்து ஒரே வரியில் கோர்த்து எழுதுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவில் உருவான ஸ்ட்ரக்ட் டைப்புக்குப் பெயரே இல்லை. பைத்தானின் குப்பை சேகரிப்பு அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். நடுவில் வருவதை ஒரு மாறியில் பிடித்து வைத்து, அதற்கும் ஃப்ரீ அழையுங்கள்.

பழைய பாடக்குறிப்புகளில் எம்பிஐ_டைப்_ஸ்ட்ரக்ட், எம்பிஐ_டைப்_ஹெச்வெக்டர் என்றெல்லாம் பார்ப்பீர்கள். 2012-இல் வந்த எம்பிஐ 3.0 அவற்றை நீக்கிவிட்டது. கிரியேட் என்று நடுவில் வரும் பெயர்களையே பயன்படுத்துங்கள்.

அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விடுவிக்கலாமா?

விடுவிக்கலாம். பலர் நம்ப மறுப்பது இதைத்தான்.

ஃப்ரீ என்ற பெயரைப் பார்த்ததும் சி மொழியின் ஃப்ரீதான் நினைவுக்கு வரும்: அழைத்த நொடியே மெமரி போய்விடும், அப்புறம் தொட்டால் விபரீதம். எம்பிஐ_டைப்_ஃப்ரீ அப்படி நடந்துகொள்வதில்லை. ‘எனக்கு இது இனி வேண்டாம்’ என்று நூலகத்திடம் சொல்வது மட்டுமே அது. நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றம் எதுவும் அந்த டைப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அது வழக்கம்போல் முடியும். அதற்குப் பிறகுதான் பொருள் உண்மையில் கலையும். எத்தனை பேர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நூலகம் உள்ளே ஒரு எண்ணிக்கை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கும்.

எனவே கீழே இருப்பது முழுக்கச் சரியான நிரல்:

```
எம்பிஐ_ஐசென்ட்(பஃபர், 1, நெடுவரிசை, பக்கத்தவர், 0, காம், &ரிக்வெஸ்ட்);
எம்பிஐ_டைப்_ஃப்ரீ(&நெடுவரிசை);
/* வேறு கணக்குகள் */
எம்பிஐ_வெய்ட்(&ரிக்வெஸ்ட், எம்பிஐ_ஸ்டேட்டஸ்_இக்னோர்);
```

ஆனால் பஃபருக்கு இந்தச் சலுகை கிடையாது. வெய்ட் முடியும் வரை பஃபரை விடுவிக்கவும் கூடாது, அதில் எழுதவும் கூடாது. டைப்பை முன்கூட்டியே விடுவிக்கலாம் என்று தெரிந்துகொண்ட உற்சாகத்தில் பஃபரையும் சேர்த்து விடுவித்துவிடாதீர்கள்.

எம்பிஐ_சென்ட்_இனிட் போட்டு ஒரு ரிக்வெஸ்டைத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யும் பாணி என்றால் நான் இவ்வளவு அவசரப்பட மாட்டேன். அங்கே முதலில் எம்பிஐ_ரிக்வெஸ்ட்_ஃப்ரீ, அடுத்து டைப் ஃப்ரீ என்று வரிசை வைத்துக்கொண்டால் நிரலைப் படிப்பவருக்கும் எது எதை நம்பியிருக்கிறது என்று புரியும்.

லூப்புக்கு உள்ளேயா, வெளியேயா?

ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கட்டி, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒழுங்காக விடுவித்தால் லீக் இருக்காது. ஆனால் அதுவும் நல்ல நிரல் இல்லை. கட்டுவதும் கமிட் செய்வதும் இலவசம் அல்ல, பெரிய இன்டெக்ஸ்டு டைப்பில் இது நன்றாகவே உறைக்கும். வலையின் அளவும் வடிவமும் மாறாத வரை டைப்பும் மாறாது. லூப்புக்கு முன்னால் ஒருமுறை கட்டுங்கள், லூப் முடிந்ததும் ஒருமுறை விடுவியுங்கள். கணக்கின் நடுவில் வலை மாறும் நிரல் என்றால், மாறும் அந்த இடத்தில் பழையதை விடுவித்துப் புதியதைக் கட்டுங்கள். ஃப்ரீ முதலில், கட்டுதல் அடுத்து. வரிசை மாறினால் மறுபடி மேலெழுதும் கதைதான்.

யார் விடுவிக்க வேண்டும் என்ற கேள்வி ஒரே கோப்புக்குள் எழுதும்வரை வராது. நிரல் வளர்ந்ததும் வரும். ‘துகள் டைப் கொடு’ என்று ஒரு ஃபங்ஷன் டைப்பைக் கட்டித் திருப்பித் தருகிறது. அதை நான்கு இடங்களில் அழைக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் புது டைப் வருகிறதா, அல்லது முதல் முறை கட்டியதே திரும்பத் திரும்ப வருகிறதா? முதலாவது என்றால் வாங்கியவர் விடுவிக்க வேண்டும். இரண்டாவது என்றால் வாங்கியவர் தொடவே கூடாது. இதை ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி கமென்ட்டாக எழுதி வையுங்கள். அப்படி எழுதாத நிரலில் நான்கு பேரில் ஒருவர் விடுவித்துவிடுவார், மற்ற மூவரும் செத்த டைப்பை வைத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் பிழை வந்தால் சட்டென்று ரிட்டர்ன் ஆகும் பாதைகளையும் பாருங்கள். எம்பிஐயின் இயல்பான ஏற்பாட்டில் பிழை வந்தால் நிரலே நின்றுவிடும் என்பதால் எம்பிஐ பிழைகளில் இது பெரிதாகத் தெரியாது. கோப்பு திறக்கவில்லை, உள்ளீடு சரியில்லை என்று நம் நிரலே பாதியில் திரும்பும் இடங்களில்தான் டைப் மாட்டிக்கொள்ளும்.

விடுவிக்கக் கூடாதவை

எம்பிஐ_இன்ட் போன்றவற்றை விடுவிப்பது பிழை. வேண்டுமென்று யாரும் செய்ய மாட்டார்கள், ஆனால் சுற்றி வளைத்து நடந்துவிடும். ஒரு நிஜமான இடம்: பெரிய முப்பரிமாண ஃபூரியர் மாற்றத்தில் தரவைத் திருப்பிப்போட எம்பிஐ_ஆல்டுஆல்_டபிள்யூ பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு ப்ராசஸும் மற்ற ஒவ்வொருவருக்கும் அனுப்ப ஒரு டைப், பெற ஒரு டைப். 1,024 ப்ராசஸ் என்றால் ஒரே ப்ராசஸின் கையில் 2,048 டைப்கள். சிலருக்கு அனுப்ப எதுவும் இருக்காது. அந்த இடத்தில் எண்ணிக்கை 0 என்று வைத்து, டைப்பாக எம்பிஐ_பைட் போட்டு நிரப்பிவிடுவார்கள். கடைசியில் அரே முழுவதையும் லூப் போட்டு விடுவிக்கும்போது அந்த எம்பிஐ_பைட் வந்து நிற்கும், நிரல் பிழையோடு நின்றுவிடும்.

அப்படிப்பட்ட அரேக்களுக்கு ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொள்ளலாம். முதலில் ஹேண்டில் எம்பிஐ_டேட்டாடைப்_நல்லா என்று பார்க்க வேண்டும்; ஆம் என்றால் திரும்பிவிடலாம். இல்லையென்றால் எம்பிஐ_டைப்_கெட்_என்வலப் அழைக்க வேண்டும். அது தரும் கம்பைனர் மதிப்பு (டைப் எந்த அழைப்பால் கட்டப்பட்டது என்பதைக் காட்டுவது) எம்பிஐ_கம்பைனர்_நேம்டு என்று வந்தால் அது நூலகத்தின் சொந்த டைப், விட்டுவிட வேண்டும். மற்றபடி விடுவிக்கலாம். நல் சோதனை ஏன் முதலில் என்றால், சி மொழியின் ஃப்ரீ நல் பாயின்டரைக் கண்டால் பேசாமல் போய்விடும், எம்பிஐ_டைப்_ஃப்ரீ போகாது. நல் ஹேண்டிலைக் கொடுத்தால் அது பிழை.

ஃபோர்ட்ரான்காரர்களுக்கு ஒரு விதிவிலக்கு. எம்பிஐ_டைப்_கிரியேட்_எஃப்90_ரியல், அதன் கூட்டாளிகளான இன்டிஜர், காம்ப்ளெக்ஸ் ஆகியவற்றின் பெயரில் கிரியேட் இருந்தாலும் அவை தருவது முன்பே வரையறுத்த டைப்தான். விடுவிக்கவும் வேண்டாம், கமிட் செய்யவும் வேண்டாம். மேலே சொன்ன என்வலப் சோதனையில் இவை நேம்டு என்று வராது, எஃப்90 கம்பைனர் என்று தனியாக வரும். இவற்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உதவி ஃபங்ஷனில் அதையும் சேர்த்துவிடுங்கள். எம்பிஐ_டைப்_மேட்ச்_சைஸ் தருவதையும் விடுவிக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, நாம் கட்டாதது போலத் தோன்றினாலும் நாம்தான் விடுவிக்க வேண்டியவை சில. எம்பிஐ_டைப்_டூப் தரும் நகல் தனி டைப், மூலத்தை விடுவித்தாலும் அது உயிரோடுதான் இருக்கும். எம்பிஐ_டைப்_கெட்_கன்டென்ட்ஸ் திருப்பித் தரும் டைப்களில் நூலகத்தின் சொந்த டைப்களை விட்டுவிட்டு மற்றவற்றை விடுவிக்க வேண்டும். எம்பிஐ_ஃபைல்_கெட்_வியூ தரும் ஈடைப், ஃபைல்டைப் இரண்டுக்கும் அதே விதி. ‘கெட்’ என்ற பெயரைப் பார்த்து, சும்மா எட்டிப் பார்க்கிறோம் என்று நினைத்துவிடுவதால்தான் இவை தப்பிவிடுகின்றன.

இரண்டு முறை விடுவித்தால்

ஒரே மாறியை இரண்டு முறை விடுவித்தால் சீக்கிரம் மாட்டிக்கொள்வீர்கள். முதல் முறையே அது நல் ஆகிவிட்டது, இரண்டாவது முறை நூலகம் சத்தம் போடும். தொல்லை தருவது ஜெராக்ஸ் ஹேண்டில்தான். ஒரு ஹேண்டிலை ஸ்ட்ரக்ட் ஒன்றின் உறுப்பாகவும் வைத்துக்கொண்டு, தனி மாறியிலும் வைத்துக்கொண்டு, ஒன்றின் வழியாக விடுவித்தால் மற்றொன்று நல் ஆகாது. பழைய மதிப்போடு அப்படியே இருக்கும்.

அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது நூலகத்தைப் பொறுத்தது. எம்பிஐ நூலகங்களில் ஒன்றான ஓப்பன் எம்பிஐயில் ஹேண்டில் என்பது ஒரு பாயின்டர். விடுவித்த மெமரியைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட் வரலாம், வராமலும் போகலாம். இன்னொரு நூலகமான எம்பிச்சின் குடும்பத்தில் ஹேண்டில் ஒரு முழு எண். அந்த எண் செல்லாது என்று பிழை வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. விடுவித்த இடத்தை நூலகம் அடுத்துக் கட்டும் டைப்புக்கே கொடுத்துவிட முடியும். அப்போது உங்கள் பழைய எண் இன்னொரு டைப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். நெடுவரிசை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ அனுப்புவீர்கள், பிழைச் செய்தியே வராமல் விடை மட்டும் கெடும். மெமரி லீக்காவது நிரலைக் கொன்று தன்னைக் காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. நகல் தேவை என்றால் எம்பிஐ_டைப்_டூப் போடுங்கள், இரண்டையும் தனித்தனியாக விடுவியுங்கள்.

ஃபைனலைஸுக்குப் பிறகு கூடாது

எம்பிஐ_ஃபைனலைஸ் அழைத்த பிறகு எம்பிஐ_டைப்_ஃப்ரீ அழைப்பது பிழை. சி மொழியில் வரிசையாக எழுதுபவர்கள் இதில் அதிகம் விழுவதில்லை. சி பிளஸ் பிளஸ்காரர்கள்தான் விழுவார்கள். எம்பிஐயின் சொந்த சி பிளஸ் பிளஸ் இடைமுகம் 3.0-இல் நீக்கப்பட்டதால், இப்போது எல்லோரும் டைப்பைத் தாங்களே ஒரு கிளாஸுக்குள் பொதிந்து, டிஸ்ட்ரக்டரில் ஃப்ரீ அழைக்க வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பொருளை மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில் அறிவித்து, கடைசியில் எம்பிஐ_ஃபைனலைஸ் எழுதினால், டிஸ்ட்ரக்டர் ஓடுவது மெயினின் மூடும் அடைப்புக்குறியில், அதாவது ஃபைனலைஸுக்குப் பிறகு. குளோபல் பொருள் என்றால் இன்னும் தாமதம்.

தீர்வு எளிது. மெயினுக்குள் இன்னொரு ஜோடி அடைப்புக்குறி போட்டு, எம்பிஐ பொருள்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, ஃபைனலைஸை வெளியே வையுங்கள். அல்லது வேலை முழுவதையும் தனி ஃபங்ஷனுக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்ட்ரக்டருக்குள் எம்பிஐ_ஃபைனலைஸ்டு என்று கேட்டுப் பார்த்து, முடிந்துவிட்டது என்றால் சும்மா இருந்துவிடும்படி எழுதுவதும் உண்டு. அந்த அழைப்பு எப்போது வேண்டுமானாலும் அனுமதிக்கப்பட்டது. கிளாஸை எழுதும்போது காப்பி கன்ஸ்ட்ரக்டரைத் தடை செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் மேலே சொன்ன ஜெராக்ஸ் ஹேண்டிலைக் கம்பைலரே உங்களுக்காக எடுத்துக் கொடுக்கும்.

நூலகம் எழுதுபவர்களுக்கு வேறு சங்கடம். ஃபைனலைஸ் எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. ‘முடிப்பதற்கு முன் எங்கள் மூடும் ஃபங்ஷனை அழையுங்கள்’ என்று பயனரிடம் கேட்கலாம். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இதற்கு எம்பிஐயே ஒரு கொக்கி வைத்திருக்கிறது. எம்பிஐ_காம்_செல்ஃப் (ஒரு ப்ராசஸ் தான் மட்டுமே இருக்கும் குழு) மீது ஒரு அட்ரிப்யூட்டை மாட்டி, அதன் டிலீட் கால்பேக்கில் (அது நீக்கப்படும்போது தானாக ஓடும் ஃபங்ஷனில்) டைப்களை விடுவிக்கும் நிரலை வைத்துவிடலாம். எம்பிஐ_ஃபைனலைஸ் தன் முதல் வேலையாக அந்தக் கால்பேக்குகளை அழைக்கும், அந்த நேரத்தில் எம்பிஐ முழு உயிரோடு இருக்கும். பல அட்ரிப்யூட்கள் மாட்டியிருந்தால் கடைசியாக மாட்டியது முதலில் அழைக்கப்படும். முதல் தேவையின்போது டைப்பைக் கட்டி, கட்டும் அதே ஃபங்ஷனிலேயே இந்தக் கொக்கியையும் மாட்டிவிட்டால் பயனர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

லீக் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மெமரி பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியை ஓட்டினால் எம்பிஐ நூலகத்தின் உள் சத்தமே பக்கம் பக்கமாக வரும், நம் டைப்பை அதில் தேடுவது பாடு. டைப் லீக்குக்கு வேறு கருவிகள் மேல்.

எம்பிச்சை டீபக் வசதிகளை இயக்கிக் கட்டி வைத்துக்கொண்டால், ஃபைனலைஸ் நேரத்தில் எந்த வகை ஹேண்டில் எத்தனை இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கிறது என்று அதுவே சொல்லும். க்ளஸ்டரில் இருக்கும் நிறுவலில் இது பெரும்பாலும் இருக்காது. உங்கள் மடிக்கணினியில் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். மஸ்ட் என்ற இலவசக் கருவியும் உண்டு. ஜெர்மனியின் ட்ரெஸ்டன், ஆகன் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. நிரலைத் தொடங்கும் எம்பிரன் கட்டளையின் இடத்தில் மஸ்ட்ரன் என்று போட்டு ஓட்டினால், முடிவில் ஒரு ஹெச்டிஎம்எல் அறிக்கை எழுதி வைக்கும். விடுவிக்காத டைப், ஃபைனலைஸ் ஆன பிறகும் மிஞ்சியவை, அனுப்புபவரின் டைப்பும் பெறுபவரின் டைப்பும் பொருந்தாத இடங்கள் எல்லாம் அதில் வரும். தன் வேலைக்காகக் கூடுதலாக ஒரு ப்ராசஸ் எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும், எனவே சிறிய உள்ளீட்டில் ஓட்டுங்கள்.

எதையும் நிறுவ அனுமதி இல்லையா? எம்பிஐயிலேயே இருக்கும் ப்ரொஃபைலிங் இடைமுகம் போதும். ஒவ்வொரு எம்பிஐ ஃபங்ஷனுக்கும் முன்னால் ‘பி’ சேர்த்த பிஎம்பிஐ பெயர் ஒன்று உண்டு. எம்பிஐ_டைப்_வெக்டர் என்ற பெயரில் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் ஒரு எண்ணியைக் கூட்டி, பிஎம்பிஐ_டைப்_வெக்டரை அழைத்துவிடுங்கள். உங்கள் நிரல் பயன்படுத்தும் மற்ற கட்டும் அழைப்புகளுக்கும் அப்படியே. எம்பிஐ_டைப்_ஃப்ரீயில் எண்ணியைக் குறையுங்கள். எம்பிஐ_ஃபைனலைஸையும் இதே மாதிரி இடைமறித்து, எண்ணியில் மிஞ்சியதை ஒவ்வொரு ப்ராசஸும் அச்சிடட்டும். இந்தக் கோப்பைச் சேர்த்து லிங்க் செய்தால் போதும், மூல நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. டைப்பின் டூப்பையும் கெட்_கன்டென்ட்ஸையும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவற்றையும் எண்ண மறக்காதீர்கள், இல்லையென்றால் எண்ணி எதிர்மறையில் போய் நிற்கும்.

எண் கிடைத்ததும், நிரலை 10 ஸ்டெப்புக்கு ஒருமுறையும் 20 ஸ்டெப்புக்கு ஒருமுறையும் ஓட்டுங்கள். மிச்ச எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், தொடக்கத்தில் ஒருமுறை கட்டியவை விடுபட்டிருக்கின்றன. மெமரிக்கு உடனே ஆபத்தில்லை, சாவகாசமாகச் சரிசெய்யலாம். 10 கூடினால் லூப்புக்குள் ஸ்டெப்புக்கு ஒரு டைப் ஒழுகுகிறது. 40 கூடினால் ஸ்டெப்புக்கு நான்கு, பெரும்பாலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டும் ஃபங்ஷனாகத்தான் இருக்கும். நடுவில் இருக்கும் ப்ராசஸில் 40, ஓரத்தில் இருப்பதில் 30, மூலையில் இருப்பதில் 20 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.